தெருவுக்கடியில் கசியும் ஏரி

தியாகராய நகர் பேருந்து நிலையத்துப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு மேட்லி சுரங்கப்பாதையைத் தெரியும். மழைக்காலம் வந்தால் அது மூழ்கியதா, தப்பித்ததா என்பது ஆண்டுதோறும் செய்தி. அந்த மேட்லி யார் என்று கேட்டால் பதில் சொல்கிறவர்கள் குறைவு. ஜே.டபிள்யூ. மேட்லி ஒரு பொறியாளர். சென்னைக்குச் சுத்திகரித்த குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்தவர். அதற்கு முன்னால் புழல் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயில் ஓடிவந்து, அப்படியே ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. மேட்லி அதற்கு மூடிய கால்வாய் கட்டினார். கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், நிலத்தடித் தொட்டி, நீராவியில் ஓடும் பம்புகள், உயரத்தில் ஓர் இரும்புத் தொட்டி, அங்கிருந்து தெருத்தெருவாக வார்ப்பிரும்புக் குழாய்கள் என்று அவர் போட்ட திட்டம் 1914-ல் நடைமுறைக்கு வந்தது. கீழ்ப்பாக்கம் நிலையம் நூறு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் இயங்குகிறது.

அந்தத் திட்டத்தைத் தீட்டியபோது ஊரில் இருந்தவர்கள் ஐந்து லட்சத்துச் சொச்சம். 1961-ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன், அதாவது சுமார் 114 லிட்டர் வேண்டியிருக்கும் என்று அரை நூற்றாண்டு முன்கூட்டிக் கணக்குப் போட்டார்கள். அடுத்த தேர்தலுக்கு அப்பால் யோசிக்காத இந்தக் காலத்தில் அந்த முன்யோசனைக்குத் தலைவணங்கத் தோன்றுகிறது. ஆனால் 1961 கணக்கெடுப்பில் சென்னையில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். அதன் பிறகு ஊர் எங்கேயும் நிற்கவில்லை. 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது.

சென்னையின் தண்ணீர் என்றதும் நாம் பேசுவது எல்லாம் ஏரி மட்டம், வடகிழக்குப் பருவமழை, கிருஷ்ணா நீர், கடல்நீர்த் திட்டம் பற்றித்தான். செய்தித்தாளில் தினமும் பூண்டி இத்தனை அடி, செம்பரம்பாக்கம் இத்தனை கனஅடி என்று வருகிறது. தெருவுக்கடியில் கிடக்கும் குழாயின் நிலவரம் எந்த நாளிதழிலும் வருவதில்லை. நம் தண்ணீரும் பணமும் உடல்நலமும் ஒன்றாகக் கசிந்து போவது அங்கேதான்.

குழிக்குள் தெரிவது

ஜார்ஜ் டவுன், ராயபுரம், புரசைவாக்கம், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் குழாய் மாற்றும் வேலை நடக்கும்போது, குழியருகே பத்து நிமிடம் நின்று பாருங்கள். வெளியே எடுத்துப் போடும் பழைய வார்ப்பிரும்புக் குழாய் வெளிப்புறத்தில் அநேகமாகத் திடமாகவே இருக்கும். அந்தக் காலத்து இரும்பு அப்படி. வெட்டிய வாய் வழியாக உள்ளே பார்த்தால்தான் சங்கதி தெரியும். காவி நிறத்தில் துருக் கட்டிகள் முண்டும் முடிச்சுமாகச் சுற்றிலும் வளர்ந்து, ஆறு அங்குலக் குழாயின் உள்வாய் பாதியாகச் சுருங்கியிருக்கும். கீழ்ப்பாக்கத்தில் எவ்வளவு அழுத்தம் கொடுத்து அனுப்பினாலும் கடைசி வீட்டுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

இரண்டு குழாய்களைச் சேர்க்கும் இடத்தையும் கவனியுங்கள். சணல் கயிற்றைத் திணித்து, மேலே ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்த இணைப்பு அது. கட்டைவண்டியும் டிராமும் போன தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்று அதே தெருவில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஓடுகிறது. பக்கத்தில் பத்து மாடிக் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டுகிறார்கள். ஒவ்வோர் அதிர்வுக்கும் இணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது.

பெரிய குழாயைவிட மோசமான இடம், அதிலிருந்து வீட்டுக்குப் பிரியும் அரை அங்குல, முக்கால் அங்குல இணைப்பு. வீடுகட்டியபோது போட்ட இரும்புக் குழாய், சாலையின் குறுக்கே வந்து, மழைநீர் வடிகாலை ஊடுருவி, சில இடங்களில் கழிவுநீர்க் குழாயை உரசிக்கொண்டு வீட்டுக்குள் போகும். வடிகால் கட்டும்போது அதை நகர்த்தாமல் அப்படியே சுவரில் புதைத்துவிட்டிருப்பார்கள். நாள்பட்டால் வடிகாலில் நிற்கும் சாக்கடைத் தண்ணீரில் அந்தக் குழாய் முழுகியே கிடக்கும். துருவேறி ஓர் ஊசித் துளை விழுந்தால் போதும்.

துளை விழுந்தால் தண்ணீர் வெளியேதானே போகும், சாக்கடை எப்படி உள்ளே வரும் என்று கேட்கலாம். குழாயில் எந்நேரமும் அழுத்தத்துடன் தண்ணீர் நிறைந்திருந்தால் கேள்வி சரிதான். நம் ஊர்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது, சில இடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். வால்வை மூடியதும் குழாய் மெல்லக் காலியாகிறது. காலியாகும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம், தண்ணீர் வெளியேறிய அதே துளை வழியாகச் சுற்றிலும் தேங்கியிருப்பதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மறுநாள் காலை வால்வைத் திறந்ததும் முதலில் வந்து விழுவது அதுதான். "முதல் ரெண்டு குடம் கீழ ஊத்திடு" என்று குழாயடியில் பெண்கள் சொல்வது அனுபவத்தில் கண்ட உண்மை.

இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. அழுத்தம் போதாததால் சென்னை வீடுகளில் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரின் இணைப்பின்மேல் அடிபம்பு பொருத்தினோம். அப்புறம் அதையும் விட்டுவிட்டு நேரடியாகக் குழாயில் மோட்டார் வைத்தோம். ஒரு வீட்டு மோட்டார் உறிஞ்சினால் அடுத்த வீட்டுக்குச் சொட்டுக்கூட வராது. அதனால் அந்த வீட்டிலும் மோட்டார் வரும். தெரு முழுக்க மோட்டார் ஓடும்போது, வால்வு திறந்திருக்கும் நேரத்திலேயே குழாய்க்குள் வெற்றிடம் உருவாகி, சாக்கடை உள்ளே வர வழி பிறக்கிறது. நேரடி மோட்டாருக்குத் தடை உண்டு, பிடிபட்டால் பறிமுதல் செய்யலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மோட்டார் இல்லாதவர்கள் மட்டும் நஷ்டப்படும் இடத்தில் தடை எத்தனை நாள் நிற்கும்? மோட்டாரைத் தேவையற்றதாக்கும் அழுத்தத்தைக் குழாயில் கொடுக்காதவரை இந்தப் பழக்கம் போகாது.

எட்டி எட்டிப் போன தேடல்

சென்னையின் தண்ணீர் வரலாறு முழுவதும் அடுத்த ஆதாரத்தைத் தேடிப்போன வரலாறு. 1772-ல் ஏழுகிணறு. 1872-ல் தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றை மறித்து, சோழவரம், புழல் ஏரிகள் வழியாக வந்த தண்ணீர். மேயராக இருந்த சத்தியமூர்த்தி முயற்சி எடுத்து, 1944-ல் நிறைவேறிய பூண்டி நீர்த்தேக்கம்; அது முடிந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பிறகு வீராணம் ஏரியிலிருந்து குழாய் போடுவதாகச் சொல்லி, ராட்சதக் குழாய்கள் சாலையோரமாகப் பல ஆண்டுகள் கிடந்ததையும், வீடில்லாத குடும்பங்கள் அவற்றுக்குள் குடியிருந்ததையும் ஒரு தலைமுறை மறக்காது. 1983-ல் ஆந்திராவுடன் ஒப்பந்தம் போட்ட கிருஷ்ணா நீர், எல்லைக்கு வந்து சேர 1996 ஆனது. புதிய வீராணம் திட்டம் 2004-ல் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்தது. அதன் பிறகு கடலுக்கே போய்விட்டோம். 2010-ல் மீஞ்சூர், 2013-ல் நெம்மேலி, 2024-ல் நெம்மேலியில் இரண்டாவது நிலையம். பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டருக்கான மூன்றாவது இடத்தில் வேலை தொடங்கி நடக்கிறது.

இவை ஒவ்வொன்றும் தேவைப்பட்டவை. இல்லாவிட்டால் இந்த ஊர் இன்று இருந்திருக்காது. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கொண்டுவரும் வழிக்குச் செலவிட்ட அக்கறையில் கொஞ்சம்கூட, கொண்டுவந்ததைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்க்குக் கிடைக்கவில்லை.

2019-ஐ நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்தால் 11 டிஎம்சிக்கு மேல் பிடிக்கும். அந்த ஜூன் மாதம் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. தினமும் 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த மெட்ரோ வாட்டர், அதை 52.5 கோடியாகக் குறைத்தது. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரைச் சுமந்து முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலை போட்டு வரவேற்றோம். தாகத்தில் தவித்த ஊருக்கு அந்த ரயில் ஒரு நிம்மதி. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் ஒரு கணக்கு. நகரங்களில் அனுப்பும் தண்ணீரில் கணக்குக்கு வராமல் போவது 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2008-ல் இலக்கு வைத்தது. கசிவு, திருட்டு, கட்டணமில்லாத பயன்பாடு எல்லாம் இதில் அடக்கம். இந்திய நகரங்களில் பெரும்பாலானவை இந்த இலக்கின் பக்கத்தில்கூட இல்லை. சென்னை அதை எட்டிவிட்டது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். அந்த 20 சதவீதத்திலும் பாதிதான் உண்மையான கசிவு என்று எடுத்துக்கொள்வோம். 52.5 கோடியில் பத்தில் ஒரு பங்கு, 5.25 கோடி லிட்டர். ஜோலார்பேட்டை ரயில் 21 முறை வந்து கொட்ட வேண்டிய தண்ணீர், பஞ்ச காலத்தில் ஒவ்வொரு நாளும் மண்ணுக்குள் போயிருக்கும்.

இப்போது நகரத்துக்கு அனுப்புவது நாளொன்றுக்கு 100 கோடி லிட்டரைத் தாண்டிவிட்டது. அதே அளவுகோலில் 10 கோடி லிட்டர் கசிகிறது என்றால், நெம்மேலியின் முதல் நிலையம் முழு வேகத்தில் ஓடி எடுக்கும் தண்ணீர் அது. கடல்நீரை உப்பு நீக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். பத்துக் கோடி லிட்டருக்கு மூன்று, நான்கு லட்சம் யூனிட். அவ்வளவு செலவு செய்து எடுத்த தண்ணீரை ஓட்டைக் குழாயில் விடுகிறோம். அடுத்த கடல்நீர் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டும் முன் அந்தக் குழாயைச் சரிசெய்வதுதான் மலிவு என்பதைக் கணக்கு தெரிந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

அப்புறம் ஏன் செய்வதில்லை?

குழாய் மாற்றும் வேலையில் யாருக்கும் பெயர் கிடைக்காது. நீர்த்தேக்கத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம். மண்ணுக்குள் போன குழாய்க்கு எங்கே வைப்பது? தெருவைத் தோண்டினால் திட்டுத்தான் விழும். போக்குவரத்துக் காவலர் அனுமதி, மாநகராட்சியின் சாலை வெட்டு அனுமதி, மின்வாரியக் கேபிள், தொலைபேசிக் கேபிள், மெட்ரோ ரயில் வேலை என்று ஒவ்வொன்றையும் தாண்டி வருவதற்குள் அக்டோபர் பிறந்துவிடும்; மழைக்காலத்தில் சாலை வெட்டக் கூடாது. ஜனவரிக்குப் பிறகுதான் மறுபடி தொடக்கம். ஆண்டில் உருப்படியாக வேலை நடக்கும் மாதங்கள் கொஞ்சம்தான்.

இன்னொரு பெரிய சிக்கல், எது எங்கே இருக்கிறது என்ற வரைபடம். கம்ப்யூட்டரில் வரைபடங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. இருந்தும் பழைய பகுதிகளில் எந்த முனையில் எந்த வால்வு, அதை எத்தனை சுற்றுத் திறந்தால் எந்தச் சந்து வரை தண்ணீர் போகும் என்ற நுணுக்கம் இன்றும் வால்வு திறக்கும் தொழிலாளியின் தலையில்தான் இருக்கிறது. டி வடிவச் சாவியோடு விடியலுக்கு முன் சைக்கிளில் வருகிறவர் அவர். தார் போட்டு மூடிய வால்வு மூடியைக் காலால் தட்டிச் சத்தத்தை வைத்தே இடம் கண்டுபிடிப்பார். அவர் ஓய்வு பெற்றால் அந்தத் தெருவின் வரைபடமும் அவரோடு போய்விடுகிறது. அந்த இடத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளி வருகிறார். ஒப்பந்தம் மாறினால் அவரும் மாறுகிறார். ஒரு நகரத்தின் நீர் அமைப்பைப் பற்றிய அறிவை இத்தனை குறைந்த கூலிக்கும் இத்தனை நிச்சயமின்மைக்கும் விட்டுவைப்பதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

மீட்டரும் இல்லை. சென்னையில் பெரும்பாலான வீடுகள் அளவு பார்க்காமல் மாதக் கட்டணம் கட்டுகின்றன. அளக்காத ஊரில் எவ்வளவு கசிகிறது, எவ்வளவு திருடுபோகிறது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிறிய வீட்டில் இருக்கும் நான்கு பேரும், தோட்டத்துக்கும் காருக்கும் தண்ணீர் ஊற்றுகிற பங்களாவும் ஒரே மாதிரி கட்டணம் கட்டும் முறை ஏழைக்குச் சாதகம் என்று நினைப்பது தவறு. குழாய் போகாத குடிசைப் பகுதிப் பெண்தான் லாரிக்குக் காத்து நிற்கிறாள், குடிக்க இருபது லிட்டர் கேன் வாங்குகிறாள். லிட்டர் கணக்கில் பார்த்தால் இந்த ஊரில் தண்ணீருக்கு அதிகம் கொடுப்பவள் அவள். குடும்பத்துக்கு அத்தியாவசியமான அளவு வரை மிகக் குறைந்த விலை, அதற்குமேல் ஏறுமுகமான விலை என்று மீட்டர் வைத்து வசூலிப்பதில்தான் நியாயம் இருக்கிறது. மீட்டர் என்றாலே தனியார்மயம் என்று பயப்படுகிறவர்களின் அச்சத்தில் அர்த்தம் உண்டு. 2018-ல் கோவை மாநகராட்சி பிரெஞ்சு நிறுவனமான சூயஸுடன் 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். ஆனால் பொதுத்துறையே இதைச் செய்து காட்டிய ஊர்கள் இருக்கின்றன.

இரண்டு ஊர்கள்

கம்போடியாவின் தலைநகர் புனோம் பென். போரும் படுகொலையும் சிதைத்த ஊர். 1993-ல் எக் சோன் சான் என்ற பொறியாளர் அங்கே குடிநீர் ஆணையத்தின் பொறுப்பை ஏற்றபோது, அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. சட்டவிரோத இணைப்புகளை விற்றவர்களில் ஆணைய ஊழியர்களே இருந்தார்கள். அவர் வீடு வீடாக மீட்டர் வைத்தார், பழைய குழாய்களை மாற்றினார், நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் உள்ளே போகும் தண்ணீரையும் வீடுகள் எடுக்கும் தண்ணீரையும் ஒப்பிட்டார். வித்தியாசம் தெரிந்த பகுதியில் கசிவைத் தேடி ஆட்கள் போனார்கள். பெரிய மனிதர்களும் கட்டணம் கட்ட வேண்டும் என்றார். ஒரு ராணுவ ஜெனரல் துப்பாக்கியை அவர் தலைக்கு நேரே நீட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் பின்வாங்கவில்லை. ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை கொடுத்தார். இருபது ஆண்டுகளுக்குள் இழப்பு ஆறு சதவீதத்தை ஒட்டி இறங்கியது. 24 மணி நேரமும் குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர். 2006-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அந்த ஆணையம் அரசு நிறுவனம்தான்.

வேறு நாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாதபடி ஒடிசாவின் பூரி இருக்கிறது. ஜகந்நாதர் கோயிலுக்கு ஓயாமல் யாத்ரீகர்கள் வந்துபோகிற ஊர். 2021 ஜூலையில், வீட்டுக் குழாயில் நேரடியாகப் பிடித்துக் குடிக்கும் தண்ணீரை 24 மணி நேரமும் கொடுக்கும் முதல் இந்திய நகரமாக அது அறிவிக்கப்பட்டது. அங்கே மீட்டர் பார்ப்பது, கட்டணம் வசூலிப்பது, வீட்டு வாசலில் தண்ணீரைச் சோதித்துக் காட்டுவது எல்லாம் சுயஉதவிக் குழுப் பெண்கள். அவர்களுக்கு ஜலசாத்தி என்று பெயர். மகளிர் குழுக்களை ஊர் ஊராகக் கட்டியெழுப்பிய தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு ஆளா கிடைக்காது?

பூரி சிறிய ஊர், சென்னை பெருநகரம், ஒப்பிட முடியாது என்பார்கள். மொத்தமாக ஒப்பிட வேண்டியதில்லை. சென்னை 200 வார்டு. ஒரு வார்டை எடுத்து, அதன் எல்லைக் குழாய்களில் அளவுமானி பொருத்தி, உள்ளே பழைய இணைப்புகளை முழுவதும் மாற்றி, இரவும் பகலும் அழுத்தத்தோடு தண்ணீர் விட்டுக் காட்டட்டும். தொடர்ந்து தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை பிறந்தால் தொட்டி தொட்டியாகப் பிடித்துவைக்கும் பழக்கமும், பழசு என்று கொட்டிவிட்டுப் புதுசு பிடிக்கும் பழக்கமும் குறையும். ஒரு வார்டில் வெற்றி பெற்றால் அடுத்த வார்டுக்காரர்கள் அவர்களாகவே கேட்பார்கள். ஏரிகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் வளையக் குழாய்த் திட்டமும் இருக்கிறது, நல்ல திட்டம். ஆனால் கடைசித் தெருவின் முக்கால் அங்குலக் குழாய் சரியாகாமல் அந்த வளையத்தால் வீட்டுக்காரருக்குப் பயன் பாதிதான்.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். உலக வங்கியும் ஜப்பானும் கடன் கொடுப்பது பெரும்பாலும் புதிதாகக் கட்டுவதற்கு. கட்டியதைப் பராமரிக்க நம் சொந்தப் பணம் வேண்டும். குழாயின் ஆயுளை ஐம்பது ஆண்டு என்று கொண்டால்கூட, ஒவ்வோர் ஆண்டும் மொத்த நீளத்தில் ஐம்பதில் ஒரு பங்கையாவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பஞ்சம் வந்த ஆண்டில் மாற்றுவேன், வெள்ளம் வந்த ஆண்டில் விட்டுவிடுவேன் என்பது நடக்காத காரியம். வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென்று வேறெதற்கும் திருப்ப முடியாத ஒரு தொகை ஒதுக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் மாற்றினோம் என்பதை, ஏரி மட்டத்தை வெளியிடுவதுபோல வெளியிட வேண்டும்.

குழாய் மாறும்வரை, வரும் தண்ணீரைச் சோதிக்கவாவது ஒரு வழி உண்டு. குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து இரண்டு மூன்று சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறம் வராவிட்டால் குளோரின் இல்லை என்று பொருள். வாரிய ஊழியர்கள் தெருத்தெருவாக இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். உங்கள் வீட்டிலும் செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதற்கு நமக்கு எல்லா உரிமையும் உண்டு.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போகும்போது விளக்குக் கம்பமும் குப்பைத் தொட்டியும் பேசி முடித்த பிறகு, கவுன்சிலரிடம் இவற்றையும் கேளுங்கள். நம் தெருக் குழாய் எந்த ஆண்டு போட்டது? கடைசியாக எப்போது மாற்றினார்கள்? சென்ற மாதம் நம் தெருவில் குளோரின் சோதனையில் என்ன வந்தது? குழாயில் நேரடியாக மோட்டார் வைத்திருந்தால் அதைக் கழற்றி, சம்ப்பில் விழும் தண்ணீரை மட்டும் ஏற்றுங்கள். அப்போதுதான் அழுத்தம் போதவில்லை என்று கேட்கும் குரலுக்கு வலு இருக்கும். கவுன்சிலரின் பதிலை வாய்ச் சொல்லாக வாங்காதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.